அடியில் வாழும் மீன்களுக்காக: வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வண்ணமீன் கடை அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

கொளத்தூரில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் தொடங்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு தொட்டியோடு கடை நடத்துகிறவர்கள் வரை எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்ததே உங்களைப் போன்ற ஒருவரால்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் அவர் என்னை விரட்டியதில்லை. கையில் காசில்லாத பையனுக்கு ஒவ்வொரு மீனின் பெயரையும் சொல்லிக்கொடுத்தார். அந்த நன்றியோடுதான் இந்த வேண்டுகோளை வைக்கிறேன்.

"ஒரு சக்கர் போட்டுக்கோங்க, தொட்டிய அதுவே சுத்தம் பண்ணிடும்." பாசி தின்னும் என்று விற்கும் சக்கர் மீனைப் பற்றிய இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு முதன்முதலாக இரண்டடித் தொட்டி வாங்கிய நாள் அது. பத்து கப்பி, ஆறு நியான் டெட்ரா எல்லாம் பையில் ஏறிய பிறகு, கடைசியாக இரண்டு அங்குல சக்கர் ஒன்றையும் வலையில் அள்ளிப் போட்டு, ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தார்கள். அது எவ்வளவு வளரும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் கண்ணாடியில் படிந்த பாசியை மேய்ந்தது உண்மைதான். அப்புறம் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்கு வந்துவிட்டது. அது தின்றதற்கு ஏற்ற கழிவு நூல் நூலாகத் தொட்டி முழுக்கத் தொங்கியது. சுத்தம் செய்ய வந்த மீனால் வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது வருடம் அது முக்கால் அடி. தொட்டியின் அகலமே ஓரடிதான் என்பதால் திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் இடிக்கும். ராத்திரி அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு படுத்திருப்பேன். குற்ற உணர்வு என்றால் என்னவென்று எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

நாம் சக்கர் என்று விற்கும் மீன் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த ப்ளெக்கோ வகை. நன்றாக வளர்ந்தால் ஓரடியைத் தாண்டி ஒன்றரை அடி வரைக்கும் போகும். இரண்டடித் தொட்டியில் கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர். அந்த மீனுக்கு இது எப்படிப் போதும்?

வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். "ஏரியில விட்டுடுங்க, பாவம் பொழச்சிக்கும்" என்று என்னிடமே மூன்று பேர் சொன்னார்கள். அது பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினையே. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, காற்றையும் சுவாசிக்கும் வயிறு, கரையில் வளை தோண்டி முட்டையிடும் பழக்கம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று நம் பக்கத்து நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவிவிட்டது. ஆந்திர மீனவர்கள் பேய் மீன் என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வலையில் மாட்டினால் முள்ளால் வலையைக் கிழித்துவிடும், விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. அந்த மீன்கள் தானாக இங்கே நீந்தி வரவில்லை. என்னைப் போல யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து வாளியில் கொண்டுபோய் விட்டதுதான்.

சக்கர் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. மஞ்சளாக அழகாக இருக்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் சின்ன வயதில் சாது. வளர்ந்த பிறகு மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். அடியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துவிட்டால் ரெட் டெயில் ஷார்க் வேறு எந்த அடிமீனையும் அங்கே நிம்மதியாக மேயவிடாது. ஷார்க் என்ற பெயரில் மூன்று அங்குலத்தில் விற்கும் பங்காசியஸ், ஆற்றில் ஒரு மீட்டருக்கும் மேல் வளரும் மீன். அதைச் சின்னத் தொட்டிக்காரருக்கு விற்கவே கூடாது, இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

அப்படியானால் அடியில் எதைத்தான் விடுவது? கேட்பவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடிய நல்ல பதில்கள் இருக்கின்றன. ஆனால் மீனைச் சொல்வதற்கு முன்னால் தரையைப் பற்றிக் கேளுங்கள்.

கோரி என்கிற மீசை வைத்த சின்ன அடிமீனை வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நீலமும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கூர்மையான கலர் கல் இருக்கும். நான் முதலில் வாங்கிய கோரிகளும் அந்தக் கல்லின் மேல்தான் கிடந்தன. நாலு மாதத்தில் அவற்றின் மீசைகள் தேய்ந்து வெறும் மொட்டாகிவிட்டன. இரை எங்கே இருக்கிறது என்று மீசையால் தடவிப் பார்த்துத்தான் கோரி சாப்பிடும். மீசை போனால் பாதிக் கண் போன மாதிரி. கல்லையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, சலித்து ஏழெட்டு முறை அலசிய ஆற்று மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினேன். எம்-சாண்ட் வேண்டாம், அது பாறையை உடைத்த தூள், விளிம்பெல்லாம் கூர். கடல் மணலும் வேண்டாம், அதிலிருக்கும் கிளிஞ்சல் தண்ணீரைக் கடினமாக்கிவிடும். மணல் மாற்றிய அன்று சாயங்காலம் நான் பார்த்ததை மறக்க முடியாது. ஒரு கோரி மூக்கைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைத்தது. வாயில் அள்ளிய மணல் செவுள் வழியாக மெல்லிய புகை மாதிரி வெளியே வந்தது. அப்புறம் ஆறும் வரிசையாக அதையே செய்தன. அது வரைக்கும் அவை எப்படிச் சாப்பிட ஆசைப்பட்டன என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. மீசைகளும் மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்தன.

ஆறு என்று சொன்னேன் அல்லவா, அந்த எண்ணிக்கையும் முக்கியம். கோரி கூட்டமாக வாழும் மீன். "ஜோடியா எடுத்துக்கோங்க" என்று இரண்டு கொடுத்தால் அவை மூலையிலேயே பயந்து கிடக்கும். கப்பி நாலு குறைந்தாலும் பரவாயில்லை, கோரி ஒரே வகையில் ஆறு கொடுங்கள். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும், குடலால் காற்றைச் சுவாசிக்கும் மீன் அது, பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புங்கள். இது தெரியாமல் மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து ராத்திரி பத்து மணிக்குக் கடைக்கு போன் செய்தவன் நான்.

அடுத்தது வெயில். வெளியூர்ப் பட்டியலைப் பார்த்து மீன் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். சென்னையில் மே மாதம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். பெப்பர் கோரி, அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர்ந்த நீரில் வாழும் மீன். டார்வின் தன் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்து அனுப்பியது, 1842-ல் பெயர் வைத்தார்கள். 18 முதல் 23 டிகிரி அதற்குச் சுகம். குன்னூர், ஏற்காடு வாடிக்கையாளர் வந்தால் தைரியமாகக் கொடுங்கள். வேலூர்க்காரருக்கும் திருச்சிக்காரருக்கும் கொடுக்காதீர்கள். பாண்டா கோரிக்கும் 25-க்கு மேல் கஷ்டம்தான். கோரியில் ஸ்டெர்பாய் 28 வரை தாங்கும். சமவெளிக்காரர்களுக்கு அதைச் சொல்லுங்கள், கோடைக்கு மேலே ஒரு சின்ன விசிறியும் வைக்கச் சொல்லுங்கள்.

புழு மாதிரி நீண்டு நெளியும் கூலி லோச் என்ற மீன் இன்னும் நன்றாகப் பொருந்தும். தென்கிழக்கு ஆசியாவின் வெப்ப மண்டலத்து மீன், 30 டிகிரிக்கும் சளைக்காது. நாலு அங்குலத்துக்குள்தான் வளரும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் பகலில் கண்ணில் படாது. "காசு கொடுத்து வாங்கிய மீனைக் காணோமே" என்று வருகிறவரிடம் விளக்கை அணைத்து அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். ஐந்தாறாகக் கொடுங்கள், ஃபில்டர் வாயில் ஸ்பான்ஞ் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே புகுந்துவிடும்.

இப்போது நான் உண்மையிலேயே கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய அயிரையை ஏன் நீங்கள் கடையில் வைப்பதில்லை?

என் அம்மாச்சி வீடு மதுரைப் பக்கம். கண்மாயில் பிடித்த அயிரை உயிரோடுதான் வீட்டுக்கு வரும். வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கட்டும் என்று பாலில் விட்டு, அப்புறம் கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசுவார் அம்மாச்சி. அதற்கு முன்னால் நான் நாலைந்தைத் திருடிக்கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீரில் விட்டுவிடுவேன். ஒரு விரல் நீளம்கூட இல்லாத மீன், பழுப்பில் கரும்புள்ளி, வாயைச் சுற்றிக் குட்டி மீசை. மணல் இருந்தால் ஒரு துள்ளல், அடுத்த நொடி கண்கள் இரண்டு மட்டும் வெளியே தெரியும். சங்கப் பாட்டிலேயே இடம் பிடித்த மீன் அது. நமக்கோ குழம்பு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

அயிரையும் லோச் வகைதான், கூலி லோச்சுக்கு உறவு. அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்று வெப்பத்தைக் குறிக்கும் ஒரு சொல் உண்டு. திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்ததை வைத்து 1846-ல் வைத்த பெயர் அது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மீன், அதனால் நம் வெயில் அதற்குப் புதிதில்லை. இரண்டு வருடமாக என் இரண்டடித் தொட்டியில் கப்பிகளோடு ஆறு அயிரை இருக்கின்றன. ஹீட்டர் கிடையாது, ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர் மட்டும். கோடையில் ஒன்றுகூடச் சாகவில்லை. மூடி மட்டும் கட்டாயம் வேண்டும், துள்ளி வெளியே விழுந்துவிடும். கண்மாயிலிருந்து வருகிற மீன் என்பதால் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும். சமையலுக்கே கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற மீன்தான். ஆனால் ஒரு தொட்டிக்கு ஆறு மீன், எடையில் ஒரு கைப்பிடிகூட வராது. மீன்பண்ணை வைத்திருக்கிறவர்கள் இதைப் பெருக்கி வண்ணமீனாக விற்க முன்வந்தால், முதல் வாடிக்கையாளராக நான் வந்து நிற்பேன்.

எந்த அடிமீனைக் கொடுத்தாலும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். மிதக்கும் தீனி கீழே வந்து சேராது, கப்பிகளே தின்று தீர்த்துவிடும். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் மாத்திரைத் தீனி ஒன்றிரண்டு போட வேண்டும். மேலே மிஞ்சியதைத் தின்று வாழும் என்று நம்பி எத்தனையோ கோரிகளைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறோம். இன்னொன்று மருந்து. வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் உப்பும் மாலகைட் கிரீன் என்கிற பச்சை மருந்தும் முழு அளவில் ஊற்றச் சொல்கிறோம். லோச் வகைகளுக்குச் செதில் மிகச் சிறியது, தோலோடு புதைந்தது. பாதி அளவில் தொடங்குவதே பாதுகாப்பு. அப்புறம், எல்லா வகையையும் ஒரே தொட்டிக்கு விற்காதீர்கள். இரண்டடிக்கு கோரி ஆறு, இல்லையென்றால் கூலி ஐந்து, இல்லையென்றால் அயிரை ஆறு. தரை ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கடை வாடகை, கரண்ட் பில், ராத்திரி மின்சாரம் போனால் கண்ணெதிரே சாகும் மீன்கள். ஒரு சக்கர் விற்றால் கிடைக்கும் முப்பது நாற்பது ரூபாயும் வருமானம்தான். ஆனால் ஆறு கோரி விற்பது அதைவிட நல்ல வியாபாரம், அந்த மீன்கள் பிழைத்தால் வாங்கியவர் மறுபடியும் உங்கள் கடைக்குத்தான் வருவார். தொட்டி மேல் விலை ஒட்டுகிற ஸ்டிக்கரில், அந்த மீன் வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்று ஒரு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும்.

வளர்ந்துபோன சக்கர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் யாராவது முன்வர வேண்டும். பெரிய சிமென்ட் தொட்டி இருக்கிற கடைகள் நம் ஊர்களில் உண்டு. காசு எதுவும் தர வேண்டாம், வாங்கி வைத்துக்கொண்டாலே எத்தனையோ பேர் ஏரிப் பக்கம் போக மாட்டார்கள். என் சக்கர் இப்போது அதற்கென்றே கடன் வாங்கிப் போட்ட நாலடித் தொட்டியில் இருக்கிறது. ஓரடியைத் தாண்டிவிட்டது, அதுவும் அதற்குப் போதவில்லை. அப்படி இடமிருக்கிற கடை எதுவென்று தெரிந்தால் சொல்லுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, பெரிய வாளியோடு நானே கொண்டுவந்து விடுகிறேன். தீனிச் செலவுக்கு மாதாமாதம் என்னால் முடிந்ததையும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பையன்களில் ஒருவன்