ஓய்வுக்காலத்துக்கு வேலூரா? மே மாதம் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி மூத்த குடிமக்களுக்கென்றே வீடுகள் விற்பனைக்கு என்ற விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எல்லாவற்றிலும் முதல் வரி 'சி.எம்.சி. பக்கத்தில்', அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில், என்பதுதான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று நாடே தேடி வரும் இடமாக இருக்கிறது. அதை நம்பி ஊர் மாற நினைப்பதில் தவறில்லை. ஆனால் மருத்துவமனைக்கு மாதம் ஒரு தடவை போவோம். தண்ணீரும் வெயிலும் தினப்படி. பழைய வடஆற்காட்டுப் பக்கம் குடியேற எண்ணுகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் தண்ணீர். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே மாசுக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் வீடு பார்த்தால் 'போர் தண்ணி நல்லா இருக்கு' என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். தொட்டித் தண்ணீரைப் பிடித்தால் முடிவு பொய்யாகிவிடும். காவிரி கூட்டுக் குடிநீரும் போர் தண்ணீரும் கலந்துதான் பல தொட்டிகளில் நிற்கும். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு இதே கணக்கு 200, 600. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கும் டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. அதனால் சோதனைக்குக் கொடுக்கும்போதே குரோமியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். குடிக்க அது போதும், குளிக்க வராது. கீசர் கம்பியில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு நீரில் சமைத்துச் சாப்பிடுவது நல்லதல்ல.

அடுத்தது வெயில். மார்கழிக் குளிரில் வந்து பார்த்து முன்பணம் கட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுற்றிலும் பாறை மலை, கடல் காற்று எட்டாத ஊர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மே மாதம் பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை, அதே நாள் இரவு 9 மணிக்கு இன்னொரு முறை வீட்டைப் பாருங்கள். இரவில் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிகிறதா? தெரிந்தால், பகலில் குடித்த வெயிலைச் சுவர் விடியும் வரை அறைக்குள் கக்கும் என்று பொருள். மாடி வீடென்றால் தளத்தின் மேல் வெயிலைத் தடுக்கச் சுருக்கிக் கலவையும் (செங்கல், சுண்ணாம்புக் கலவை) ஓடும் பதித்திருக்கிறார்களா, மேலே ஏறிப் பாருங்கள். இதய நோய்க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கோடையில் உடம்பின் நீரும் உப்பும் சேர்ந்து இறங்கித் தலைச்சுற்றல் வரும், விழுவார்கள். வெயில் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தானாகக் குறைக்கக் கூடாது.

வெயிலுக்குப் பயந்து ஏலகிரியில் இடம் வாங்குகிறவர்களும் உண்டு. சுமார் 1,100 மீட்டர் உயரம், குளுமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் நடு இரவில் நெஞ்சு வலித்தால் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் பெரிய மருத்துவமனையைத் தேட வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது போய்வரும் இடமே தவிர குடியிருக்கும் இடமல்ல என்பது எங்கள் கருத்து.

மருத்துவமனை விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022-இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சி.எம்.சி.யின் எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் இல்லை. உங்களுக்கு வேண்டிய பிரிவு நகரத்துக்குள்ளா, ராணிப்பேட்டையிலா, கண் என்றால் ஆரணி சாலை ஷெல் மருத்துவமனையா என்று கேட்டுவிட்டு வீடு தேடுங்கள். காட்பாடி காந்தி நகரும் விருதம்பட்டும் ரயிலுக்கு அருமையான இடங்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போக பாலாற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். திங்கள் காலை 9 மணிக்குப் பாலமும் கிரீன் சர்க்கிள் சந்திப்பும் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் ஆட்டோவில் போய்ப் பாருங்கள். பாகாயம், தொரப்பாடி பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஆரணி சாலையிலேயே இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை வாசலுக்கு வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் போகும்போது ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். குளியலறைக் கதவின் திறப்பு 90 செ.மீ. இருந்தால்தான் சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். ஒன்றரை அடி வாசலுக்கு ஆறு அடியில் சிமெண்ட் சரிவு போட்டு 'ராம்ப்' என்று காட்டுகிறார்கள். அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், இறங்கும்போது கவிழும். லிஃப்டின் உள் ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் ஸ்ட்ரெச்சர் நேராக நுழையாது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும், இடுப்பெலும்பு முறிந்தவரை அப்படி இறக்க முடியாது.

ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் புரட்டச் சொல்வது, படுத்த படுக்கையானால் என்ன செய்வார்கள் என்ற பக்கத்தை. 'தானாக நடமாடும் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று எங்காவது ஒரு வரி இருந்தால், மிகவும் தேவைப்படும் நாளில் அவர்கள் உங்களை வெளியே அனுப்பலாம். கணவன் மனைவியில் ஒருவர் போனபின் வைப்புத்தொகை யாருக்கு, எத்தனை நாளில், எவ்வளவு கழித்துக்கொண்டு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இரவில் இருப்பவர் படித்த செவிலியரா, உதவியாளரா என்றும் கேளுங்கள். பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே நடத்தினால் ஆளுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது, கம்பெனி நடத்தினால் அந்தச் சலுகை இல்லை, 18 சதவீதம் சேரும். மின் மீட்டர் உங்கள் வீட்டுக்கென்று தனியாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வரும். மொத்த மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன வாங்குவார்கள் என்று எழுதி வாங்குங்கள். எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் கட்டாயம்.

சலுகைகளில் சில உங்கள் கூடவே வரும், சில முகவரியோடு நின்றுவிடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை எந்த அஞ்சலகத்துக்கும் மாற்றலாம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். முழு 30 லட்சத்தையும் 8.2 சதவீத வட்டியில் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், ஐந்தாண்டும் அதே வட்டி. இந்தப் பணத்தை உடைத்து வீட்டு வைப்புத்தொகையாகக் கொடுக்கவே கூடாது. உயிர்வாழ் சான்றை 70 ரூபாய்க்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவார்; கைரேகை தேய்ந்து கருவி ஏற்காவிட்டால் முக அடையாளத்தில் பதியச் சொல்லுங்கள். 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பு இல்லாத 5 லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டையை மத்திய அரசு தன் 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தில் 2024 அக்டோபரில் தொடங்கியது. அது உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான், புறநோயாளியாகப் பார்த்து வாங்கும் மாதாந்திர மாத்திரைக்கு ஆகாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா, உங்கள் சிகிச்சை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன் கவுண்டரில் கேட்டுவிட வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு வேலூரிலேயே ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் இருக்கிறது. ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதோடு சரி. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் 60 வயது ஆண்களுக்கும் 45 வயது பெண்களுக்கும் தொடர்கிறது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட்டால் அதுவும் கிடைக்காது.

சொந்த ஊர் வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டு இங்கே வருகிறவர்கள் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்கத் தவறாதீர்கள்: 'எழுதிக் கொடுப்பவரின் உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்.' 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது இந்த வரிதான் கை கொடுக்கும். 'அன்பின் காரணமாக' என்று மட்டும் எழுதிய பத்திரங்கள் நீதிமன்றம் வரை போய்த் தவிக்கின்றன. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. தனியாக அலைய முடியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவிக்கான இலவச எண்ணில் பேசலாம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு டவுன் பஸ்ஸில் போகும் முதியவருக்கு அது இல்லை. மருத்துவத்தை நம்பி முதியவர்கள் வந்து சேரும் வேலூருக்கு அந்த டோக்கனை முதலில் நீட்டிக்க வேண்டும். சாத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கும் அடுக்கம்பாறைக்கும் போகும் வழித்தடங்களிலிருந்து தொடங்கினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வூதியர்கள் சிலர்,
காந்தி நகர், காட்பாடி.