கல்லீரல் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவளிடம் சொல்லிவிடு. நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்புக் கல்லீரல் நோய்க்கான உன் மருந்து ஆய்வில் 40 பேர் வேண்டிய இடத்தில் மூன்று மாதத்தில் 4 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், எங்கே இடிக்கிறது என்று கேட்டிருந்தாய்.

நீ தேடுகிற இடம்தான் இடிக்கிறது. 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பயந்து வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்த கிரேடு கொழுப்பின் அளவைச் சொல்கிறது, தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உனக்கு வேண்டியதோ எஃப்2, எஃப்3 தழும்பு, அதாவது நடுத்தரமும் முற்றியதும், ஆனால் கல்லீரல் இன்னும் சுருங்காத நிலை. தழும்பு முற்றும்போது கொழுப்பு குறைந்துகூடப் போகும். நீ தேடுகிறவர் சுகர் ஓபி வரிசையில் மெட்ஃபார்மின் மாத்திரை வாங்க நிற்கிறார். கல்லீரலைப் பற்றி அவருக்கு ஒரு புகாரும் இல்லை.

அவர் கையில் இருக்கும் நோட்டிலேயே விடை இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் ரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் நொதிகள். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கு. பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதால் வகு. அதுதான் ஃபிப்-4, தழும்பைக் கணிக்கும் எண். வயது 52, எஸ்.ஜி.ஓ.டி 48, எஸ்.ஜி.பி.டி 36, பிளேட்லெட் 1.6 லட்சம் என்று வை. 52 × 48 = 2496, 160 × 6 = 960. 2496-ஐ 960-ஆல் வகுத்தால் 2.6. எஸ்.ஜி.பி.டி 36 என்றால் லேபில் 'நார்மல்' என்றுதான் வரும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1.3-க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம், 65 வயதுக்கு மேல் அந்த எல்லையை 2 என்று வைத்துக்கொள். 2.67-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இடையில் உள்ளவர்களை, கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பு. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் போட வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் பெண்ணிடம் சொல்லிவை. 160 என்பதற்குப் பதில் 1.6 என்று போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை மூன்று. முதலாவது, மழைக்காலம். டெங்கு வந்து போனவருக்கு பிளேட்லெட் இறங்கியும் எஸ்.ஜி.ஓ.டி ஏறியும் இருக்கும், கல்லீரல் நன்றாக இருந்தாலும் எண் கூடிவிடும். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்காமல் கணக்குப் போடாதே. இரண்டாவது, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் எஸ்.ஜி.ஓ.டி பொய்யாக ஏறும். மூன்றாவது, பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெஷினில் குறைவாக எண்ணப்படுவது. சந்தேகம் வந்தால் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி ஸ்மியர் பார்க்கச் சொல், சிட்ரேட் குழாயில் மறுபடி எடு. இன்னொன்று, நோட்டைப் புரட்டிப் பார்ப்பதற்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். போஸ்டருக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் அப்படியே. போஸ்டரில் 'புதிய சிகிச்சை', 'இலவச மருந்து' என்ற சொற்களே வேண்டாம். 'ஆய்வு' என்றே எழுது.

ஃபைப்ரோஸ்கேனுக்கு வருகிறவர் 3 மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் கல்லீரலின் விறைப்பு உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் டீ கணக்கில் வராது. 'கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு' என்று கேள். 10 அளவீடு சரியாக வர வேண்டும், அளவீடுகளின் சிதறலைக் காட்டும் ஐ.க்யூ.ஆர் நடு எண்ணின் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடல் பருத்தவருக்கு ஆழமாக அளக்கும் எக்ஸ்.எல் புரோப் எடுக்காமல் சாதாரண எம் புரோப்பிலேயே அழுத்திக்கொண்டிருந்தால் எண் தப்பாக வரும்.

குடியைப் பற்றிக் கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது 'குடிப்பீங்களா' என்றால் 'எப்பவாச்சும்' என்றுதான் பதில் வரும். தனியாக உட்காரவைத்து, வாரத்துக்கு எத்தனை குவாட்டர் என்று கேள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 2023-இல் வந்த புதிய வரையறையில், குடியைக் காரணமாகச் சேர்க்காமல் இந்த நோய் என்று சொல்ல ஆணுக்கு வாரம் 210 கிராம், பெண்ணுக்கு 140 கிராம் எல்லை. ஆக, ஆணுக்கு வாரம் மூன்றரை குவாட்டரிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. இதைச் சரியாகக் கேட்காமல், கல்லீரலில் ஊசியால் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை கொண்டுபோவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

மருந்து கேட்கும்போது கீழாநெல்லியையும் சீந்திலையும் பெயர் சொல்லியே கேள். மாத்திரையாக விழுங்காததை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. எடை குறைக்க வார ஊசி போடுகிறாரா என்பதையும் கேள். அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த நோய்க்கே அனுமதி கிடைத்திருக்கிறது. அதை நிறுத்தினால்தான் ஆய்வு என்று ஒருவரையும் நிறுத்தச் சொல்லாதே. பலன் கிடைக்கிறவருக்கு அந்தப் பலன் தொடரட்டும்.

பயாப்ஸிக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் கழிந்துபோவது இந்தத் துறையில் வழக்கம். கொழுப்பு, அழற்சி, செல் உப்பல் மூன்றிலும் குறைந்தது ஒரு புள்ளி, மொத்தம் 4 என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளின் வாசல். துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மைக்ரோஸ்கோப்பில் அதைப் படிப்பவரால் சரியாகச் சொல்லவும் முடியாது. ஊசி குத்து என்று மழுப்பாமல், சேமியா அளவுக்கு ஒரு துண்டு எடுப்போம், வலது தோளில் வலி வரலாம், ரத்தக்கசிவு அரிது ஆனால் உண்டு, சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடு. கழிந்துபோகிறவருக்கும் அவருடைய ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்லிக் கையில் கொடு. மஞ்சள் காமாலை பி, சி கிருமி தெரிந்தால் சிகிச்சைக்கு நீயே ஏற்பாடு செய். 'தகுதியில்லை' என்று ஒரு வார்த்தையில் அனுப்பப்பட்டவர் ஊரில் போய்ச் சொல்வதுதான் உனக்கு அடுத்த ஆளைத் தரும், அல்லது தராமல் செய்யும்.

ஒப்புதல் படிவத்தில் எல்லோரும் நிற்கிற இடம் நாமினி பெயர் எழுதும் வரி. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். 'அப்ப செத்துப்போவேனா' என்ற கேள்வி முகத்தில் தெரியும். அந்த வரி வரும்வரை காத்திருக்காதே. பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சட்டம் கேட்கிற பெயர் இது, எந்த மருந்து ஆய்வானாலும் கேட்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டது போல கம்ப்யூட்டர் முடிவு செய்யும், எனக்கும் தெரியாது என்றால் புரிந்துகொள்கிறார்கள். 'சீரற்ற ஒதுக்கீடு' என்று படிவத்தில் இருப்பதை வாசித்தால் புரியாது. படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி வேண்டும், வார்டு நர்ஸ் போதும் என்று நினைக்காதே.

மருந்து வேலை செய்யுமா என்று கேட்பார்கள். 2024 மார்ச்சில் இதே நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் மருந்தின் கணக்கையே சொல். 966 பேர் ஆய்வு, 52 வாரம். 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 29.9 சதவீதத்தினருக்கு அழற்சி தீர்ந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.7 சதவீதத்தினருக்கு. உன் மருந்து இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவருக்கு நல்லது.

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. முடிவு பெரும்பாலும் மகன் வாயில் இருக்கிறது, அவன் போனில் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். திங்கட்கிழமை சுகர் ஓபி கூட்டத்தில் ஒப்புதல் பேசாதே. ஆடி மாதத்தில் புதிதாகச் சேருவது குறையும், அதையும் அட்டவணையில் கணக்கிடு. பஸ் காசோடு அன்றைய கூலியும் சேர்த்துக் கொடுக்கக் கமிட்டியிடம் கேள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஒரு விசிட்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடுகிறார்.

உன் ஸ்கிரீனிங் பதிவேட்டில் பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எந்தப் படியில் நின்றார் என்ற பத்தியை மட்டும் அனுப்பு. ஃபிப்-4 பார்க்காமலே ஸ்கேனுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிவை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்