உங்கள் ஊரும் எங்கள் பட்டறையும்

பொன்மலை, திருச்சி

அன்புள்ள ராஜேந்திரா,

கடிதம் கிடைத்தது. உன் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதில் சந்தோஷம். எனக்கு முழங்கால்தான் படுத்துகிறது. மாடிப்படி ஏறுவதில்லை, மற்றபடி குறையில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது.

“நாகப்பட்டினத்தில் இனி என்னடா இருக்கு, எல்லாம் போச்சு” என்று எழுதியிருந்தாய். போனதில் பாதி எங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கிறது, தெரியுமா? தெப்பக்குளத்துக்கு எதிரே இருக்கிற செயின்ட் ஜோசப் கல்லூரியை 1844-இல் தொடங்கியது உங்கள் ஊரில். 1883-இல்தான் இங்கே கொண்டுவந்தார்கள். ரயிலும் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் சரக்கு கொண்டுபோக முதலில் போட்ட பாதை நாகையிலிருந்து திருச்சிக்கு வந்தது. ரயில் கம்பெனியின் பட்டறையும் நாகையில்தான் இருந்தது. 1928-இல் அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியது அந்தப் பட்டறையில். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்தோம் என்று பெருமையடித்துக்கொள்கிறோமே, அதன் வேர் உங்கள் கடற்கரையில்.

அந்த மாற்றம் சும்மா நடக்கவில்லை. நாகையிலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளை ஒன்றாக்கும் சாக்கில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காக ஜெயிலுக்குப் போனார். என் தாத்தா வேலை தப்பி இங்கே வந்தவர். ஆனாலும் நாகூர் கந்தூரிக் கொடி ஊர்வலத்துக்கு அவர் போகாத வருஷம் கிடையாது. அங்கே 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய ராஜா பிரதாப் சிங் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் சொல்லவந்ததே வேறு. வெளிப்பாளையம் பக்கம் புதுவெளிக் கோபுரம் என்று ஒன்று இருந்ததே, கேள்விப்பட்டிருப்பாய். வெள்ளைக்காரன் அதைச் ‘சீனா பகோடா’ என்பான். ராஜராஜன் காலத்தில் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தின் மிச்சம் என்கிறார்கள். அந்த விகாரத்துக்குத்தான் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை எழுதிக்கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடு இருபத்தோரு ஏடு. அவன் மகன் ராஜேந்திர சோழனோ அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். அப்பன் நிலம் கொடுக்கிறான், பிள்ளை படையெடுக்கிறான், நடுவில் உங்கள் துறைமுகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

1846-இல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி பார்த்தபோது அந்தக் கோபுரம் சதுரமாக மூன்று நிலையோடு நின்றிருக்கிறது. சாந்து வைக்காமல் செங்கல்லை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே வானம். கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். 1867-இல் சேசு சபைப் பாதிரிமார்கள் அரசாங்க அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். எந்தக் கல்லூரியைப் பற்றி மேலே பெருமையாக எழுதினேனோ, அதை நடத்திய சபைதான். அந்த இடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தோண்டத் தோண்டக் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் முன்னூற்றைம்பதுக்கும் மேல். எழும்பூர் மியூசியத்தில் பலவற்றைப் பார்க்கலாம். எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை இடித்துவிட்டுப் பதினாறே வருஷத்தில் கல்லூரியையும் ஊர்மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆள்மேல் மட்டும் பழிபோட முடியாது, சரி. கடுவையாற்று முகத்துவாரம் மண்மேடிட்டுக்கொண்டே இருக்கிறது. பெரிய கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நின்று படகில் ஆளும் மூட்டையும் இறக்க வேண்டிய ஊர். டச்சுக்காரர்கள் சோழமண்டலத் தலைமையிடமாக வைத்திருந்த காலத்திலும் அதே கதைதான். ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளேற்றிப்போனதும் அப்படித்தான். அதற்கப்புறம் வந்த ‘சிதம்பரம்’ 1985-இல் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. 2004 பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் நாங்கள்தான் முன்னால் நிற்கிறோம். கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுவதால் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டது, காவிரி மேடாகிவிட்டது. அதைத் தடுக்கத்தான் வெள்ளைக்கார இஞ்சினியர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் அணை கட்டத் தொடங்கினார். அந்த அணை இல்லாவிட்டால் கடைமடையில் இருக்கிற உன் ஒன்றரை ஏக்கருக்கு இப்போது வருகிற தண்ணீரும் வராது. இந்த வருஷம் எப்படி? நாற்றங்கால் போட்டாயா, நேரடி விதைப்பா? அதை மறக்காமல் எழுது.

இலங்கையில் இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே, யாராவது தெரிந்தவர்கள் போய்வந்தார்களா? டிக்கெட், சாமான் கட்டுப்பாடு எல்லாம் விசாரித்து வை. என் மருமகன் போக ஆசைப்படுகிறான்.

பேத்தியோ பேரனோ பிறந்து மூன்று மாதம் ஆகட்டும், நானே வருகிறேன். நீ ஒரு ஆட்டோ பேசிவை, ஆனைமங்கலம் போய்ப் பார்க்க வேண்டும். கீழ்வேளூர் பக்கத்தில்தானே இருக்கிறது. இத்தனை வயசாகியும் நான் பார்த்ததில்லை. தங்கச்சியிடம் சொல், வஞ்சிரக் கருவாடு போதும், மற்றதெல்லாம் டாக்டர் வேண்டாமென்கிறார்.

அன்புடன்,
சுந்தரம்