சாய்தளம் கட்டியாயிற்று, சந்தோஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டை முகாம் பற்றித் தங்கள் மதுரைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். முகாம் நடக்கும் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டியாகிவிட்டது, இனி எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் சிரமமின்றி வந்துபோகலாம் என்று செய்தி முடிகிறது. பக்கத்தில் படம் வேறு. படத்தில் அந்தச் சாய்தளத்தின் மேலேயே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அதையாவது நிருபர் பார்த்திருக்கலாம், போகட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் 21 வகை இருப்பதும், முந்தைய 1995 சட்டத்தில் இல்லாத ஆட்டிசம் இதில் சேர்ந்திருப்பதும் ஆசிரியருக்குத் தெரியாததல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் படி ஏறுவார்கள். சிலர் நம்மைவிட வேகமாக ஏறுவார்கள். கஷ்டம் உள்ளே போன பிறகுதான். நம் பக்கத்து முகாம் கூடங்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே தகரம், கீழே டைல்ஸ், சுவரில் ஒரு துணி கிடையாது. நூறு பேர் பேசுகிற சத்தம் அடங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது போதாதென்று டோக்கன் நம்பரை மைக்கில் கூப்பிடுவார்கள், மைக் கீச்சிடும். காப்பர் சோக் போட்ட பழைய டியூப்லைட்டாக இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவை நீட்டினால் பட்டை பட்டையாக ஓடும். கண்கூச்சம் அதிகமுள்ள சில பிள்ளைகளை அந்த மினுக்கல் படுத்தி எடுத்துவிடும். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையைப் பார்த்து, வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல வரிசையில் ஒரு பெரிய மனிதர் தவறாமல் இருப்பார்.

இதற்கெல்லாம் டெண்டர் வேண்டாம். மைக்கை அணைத்தால் பாதிச் சத்தம் போய்விடும். டோக்கன் கொடுக்கும்போதே பெற்றோரின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு, முறை வர இன்னும் மூன்று பேர் இருக்கும்போது போன் அடித்தால் போதும். அதுவரை பிள்ளை வேப்பமரத்தடியிலோ ஆட்டோவிலோ இருந்துகொள்ளும். சுவரில் நாலு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். கிரைண்டிங் வேலைக்காரர்கள் மாட்டுகிற காதுமூடி இரண்டு மூன்றை மேஜையில் வைக்கட்டும். ஆனால் அதை நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது. காது அமைதிக்கே பழகிப்போய், கழற்றியதும் சாதாரணச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே காட்ட, வரிசைப் படம் என்று ஒன்று உண்டு. கேட், டோக்கன் மேஜை, டாக்டர், போட்டோ, வீடு: ஐந்து படம், ஒரே அட்டையில் வெல்க்ரோ போட்டு ஒட்டியது. முடிந்த படத்தைப் பிள்ளையே பிய்த்து உறையில் போட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் டாக்டர் உதவமாட்டார். அந்தக் கேட்டையும் அந்த மேஜையையுமே படமெடுக்க வேண்டும்; கார்ட்டூனில் இருப்பவரும் எதிரில் உட்கார்ந்திருப்பவரும் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகத் தோன்றாது. எங்கே கெடும் என்றால், முகாமன்று திடீரென்று போட்டோவை முதலில் வைத்துவிடுவார்கள். வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தது பொய்யாகிவிடும். அதற்குத்தான் 'மாற்றம்' என்று ஆறாவது படம். அதையும் வீட்டிலேயே, இட்லிக்குப் பதில் பூரி என்பது போலப் பிடித்த விஷயத்தில் முதலில் பழக்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆட்டிசத்துக்குப் பாதிப்புச் சதவீதம் போடுவது ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலை வைத்து. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதம் 70இல்தான் தொடங்குகிறது. ஒரு நடத்தை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதுதான் மதிப்பெண்: 1 என்றால் நூற்றுக்கு 20 தடவை வரை, 5 என்றால் 80க்கு மேல். ஐந்து நிமிடத்தில், அந்த இரைச்சலில், கண்ணால் பார்த்து இதை எப்படிப் போடுவது? மிரண்ட பிள்ளைக்கு மதிப்பெண் ஏறும். அழுது களைத்து அம்மா மடியில் தூங்கிவிட்ட பிள்ளைக்கு இறங்கும். 68க்கும் 72க்கும் நடுவில் அட்டையும் தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் நிற்கின்றன. அமைதியான அறையும், பிள்ளையை நன்றாக அறிந்தவரிடம் கேட்கப் போதிய நேரமும் இல்லாமல் போட்ட சதவீதம் அந்தக் கூடத்தின் சதவீதம்தான்.

எழுத உட்கார்ந்ததால் பழையதும் வருகிறது. தங்கள் ஞாயிறு இதழில் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று அரைப்பக்க விளம்பரம் வந்ததே, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதற்கு இடமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டி 2017இலேயே சொல்லியிருப்பது விளம்பரப் பிரிவுக்கு எட்டவில்லையா? ஏப்ரல் 2ஆம் தேதி நீல விளக்குப் படம் போடுகிறீர்கள். மறுநாளிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை ஒரு வரி கிடையாது.

ஆய்வாளர்களையும் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளோடு வருகிறார்கள், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி 7 வயதிலிருந்து பிள்ளையின் இசைவும் வேண்டும். பேச்சு வராத பிள்ளை 'வேண்டாம்' சொல்ல ஒரு சிவப்பு அட்டை போதும். அட்டையைக் கொடுத்தால் பிள்ளைகள் அதை நீட்டிவிடுவார்கள் என்ற பயம் போலும். ஆய்வு முடிவு தமிழில் ஒரு பக்கமாகக்கூட அந்த வீடுகளுக்குத் திரும்பி வருவதில்லை. கருத்தரங்கு நடந்தால் மட்டும் குத்துவிளக்குப் படம் தங்கள் இதழில் வரும். மேடையில் ஆட்டிசம் உள்ளவர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முகாம் முடிந்த மறுநாள் அதிகாரி அட்டை வழங்கும் படம் போடுவதற்குப் பதிலாக, ஒரு வாரம் முன்னால் நாலு வரி போடுங்கள். எந்த வாசல், ஆட்டிசத்துக்கு எந்த மருத்துவர், எத்தனை மணிக்கு, என்னென்ன நகல், போட்டோ வீட்டிலிருந்தே கொண்டுவரலாமா. அது தெரிந்தால் வரிசைப் படத்தை நாங்கள் செய்துகொள்வோம். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம். அந்த நாலு வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியை ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.