பால் காத்திருக்காது: தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினிப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வட்டாரத்துப் பால் சங்கங்களில் கணினி பார்க்கும் நாங்கள் எழுதிக்கொள்வது. பால் அறைக் கணினியிலிருந்து ஆபீஸ் கணினியின் ஃபோல்டரைத் திறக்கும் நெட்வொர்க் இணைப்பான இசட் டிரைவ், காலையில் இணையாமல் போகும் விவகாரம் தங்களுக்குப் புதிதல்ல. எத்தனை புகார் எண் பதிவாகியிருக்கிறது என்பது தங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். சென்ற வாரம் அந்தப் புகார்களுக்குப் பதில் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது: டிரைவ் இணையாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்யவும், அப்போதும் இணையாவிட்டால் இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யவும். மூன்றாம் முறை என்ன செய்வது என்று அதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

காலை 5.40 மணிக்குப் பால் அளக்கும் அறையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். கணினியைப் போட்டதும் திரையின் மூலையில் 'எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் இணைக்க முடியவில்லை' என்று அறிவிப்பு வருகிறது. இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. விலைச் சார்ட்டும் உறுப்பினர் பட்டியலும் ஆபீஸ் அறைக் கணினியின் ஷேர் ஃபோல்டரில் இருக்கின்றன. கொழுப்பும் எஸ்என்எஃபும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) கருவியில் வந்துவிடும்; அதற்கு என்ன விலை என்று சொல்ல இசட் வேண்டும். அது இல்லாமல் சிலிப் அடிக்காது. நோட்டில் பேனாவால் எழுதுகிறோம். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏழு மணி பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். சிலிப் இல்லாமல் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் வந்து 'காலையில் என் பாலுக்கு எவ்வளவு கொழுப்பு போட்டாய்?' என்று கேட்கும்போது, நோட்டில் இருக்கும் எண்ணை அவர்கள் நம்புவதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. 4 டிகிரிக்குக் குளிர வேண்டிய பால், கணினி மனது வைக்கும் வரை வாசலில் நிற்கிறது.

ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் சரியாவது உண்மைதான். அதற்குள் ரவுட்டர் எழுந்துவிடுகிறது. வேறு ரகசியம் இல்லை. லாகின் ஆன கையோடு விண்டோஸ் பழைய டிரைவ்களைத் தேடிப் போகும். அந்த நொடியில் வைஃபை இணைந்திருக்காது, ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கிடைத்திருக்காது. ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். நெட்வொர்க் டிரைவ்களைக் காட்டவும் இணைக்கவும் உதவும் நெட் யூஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் 'அன்அவைலபிள்' (கிடைக்கவில்லை) என்று காட்டும். கையால் இருமுறை க்ளிக் செய்தால் பெரும்பாலும் திறந்துவிடுகிறது. ஆனால் பால் மென்பொருள் க்ளிக் செய்யாது, பாதை இல்லை என்று சொல்லி நின்றுவிடும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இதே தொல்லை வந்து, மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு, லாகினுக்குப் பிறகு டிரைவை இணைக்க ஒரு ஸ்கிரிப்டைப் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) பரிந்துரைத்தது. அது 2018-இல்.

ஆடிக் காற்றுக் காலத்தில் இது இரட்டிப்பாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் கரண்ட் நாளைக்கு நாலு தடவை கண் சிமிட்டும். தங்கள் ஆட்கள் யூபிஎஸ்ஸில் கணினியை மாட்டினார்கள்; ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். கணினி அணையாமல் நிற்கும், ரவுட்டர் இரண்டு நிமிடம் காணாமல் போகும். எழுந்து வந்த ரவுட்டர் ஆபீஸ் கணினிக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டால் அன்றைக்கு நெட் யூஸ் பிழை 53 காட்டும், பாதை காணோம் என்று. ஆபீஸ் கணினிக்கு ரவுட்டரில் ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பதும், இரண்டு பிளக்கை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுவதும் அரை மணி நேர வேலை. முடிந்தால் 10 மீட்டர் லேன் கேபிள் ஒன்று. பால் அறைக்கும் ஆபீஸ் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது, அதற்கு எதற்கு வைஃபை என்று இன்றுவரை புரியவில்லை. ஆபீஸ் கணினியின் ஸ்லீப் நேரத்தையும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்ற வேண்டும். ராத்திரி தூங்கப் போன கணினி, கணக்கர் ஒன்பதரைக்கு வந்து தட்டினால்தான் விழிக்கிறது.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். விண்டோஸ் தானாக இணைப்பதை நம்பாமல், லாகின் ஆனபின் பொறுமையாக இணைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எல்லாச் சங்கத்திலும் போட்டுக் கொடுங்கள். பழைய இசட் இணைப்பை முதலில் அழிக்க வேண்டும். பிறகு நெட் யூஸில் பெர்சிஸ்டென்ட் (இணைப்பை நினைவில் வைத்திருப்பது) 'நோ' என்று வைத்து இணைக்க வேண்டும். அப்போதுதான் விண்டோஸ் தன் பங்குக்கு முந்திக்கொண்டு சிவப்புக் குறி போடாது. தோற்றால் 5 விநாடி காத்து மறுபடி முயல வேண்டும், 24 தடவை. இரண்டு நிமிடத்தில் எந்த ரவுட்டரும் எழுந்துவிடும். வேலைகளைத் தானாக ஓடவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆனதும் ஓடும்படி, 30 விநாடி தாமதத்தோடு வைக்கலாம். அங்கே 'உயர்ந்தபட்ச அதிகாரத்துடன் இயக்கு' என்ற கட்டத்தை டிக் செய்துவிடக் கூடாது. செய்தால் டிரைவ் அட்மின் பக்கத்தில் இணைந்து, சாதாரணமாகத் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் கண்ணில் படாது.

இதே கோளாறு தலைகீழாகவும் நடக்கிறது. தங்கள் ஆள் ஒருவர் பால் மென்பொருளை 'அட்மினாக இயக்கு' என்று வைத்துவிட்டுப் போனார். எக்ஸ்ப்ளோரரில் இசட் பச்சையாக நிற்கிறது, மென்பொருளுக்குள் போனால் இசட்டே இல்லை. அட்மினுக்கும் சாதாரணப் பயனருக்கும் விண்டோஸ் தனித்தனி லாகின் அமர்வு வைத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ் என்ற மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு பக்கமும் தெரியும். அதைவிட, மென்பொருளை அட்மின் இல்லாமல் ஓட வைப்பதே நல்லது. இரண்டுக்குமே அட்மின் கடவுச்சொல் வேண்டும். அது தங்களிடம் மட்டுமே இருக்கிறது.

கடவுச்சொல் என்றதும் இன்னொன்று. ஷேர் கணக்கின் கடவுச்சொல்லை அங்கிருந்து மாற்றுகிறீர்கள், பால் அறைக் கணினியில் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதே கிடக்கிறது. மறுநாள் காலை பிழை 1326, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று. மாற்றிய அன்றே சொல்லிவிட்டால் நாங்களே புதுப்பித்துக்கொள்வோம், அதற்கு அட்மின் அதிகாரம் தேவையில்லை. பிழை 1219 வந்தால் ஒரே சர்வருக்கு வேறு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். பழையதை அழித்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் புதுக் கணினிகள் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தாளி ஷேரைத் திறக்க விடாது, கையொப்பமில்லாத எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர்களைப் பகிரும் முறை) தொடர்பையும் ஏற்காது. கடவுச்சொல் போடாமல் ஷேர் வைத்திருந்த சங்கங்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. அதற்குத் தீர்வு என்று தங்கள் ஆட்கள் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடச் சொன்னார்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைக் கணினிப் பிரிவுக்கு நாங்களா சொல்ல வேண்டும்? ஆபீஸ் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்கி, ஷேர் உரிமை கொடுத்து, அதைப் பால் அறையில் சேமித்தால் முடிந்தது.

சுற்றறிக்கை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வட்டாரத்தில் பால் ஊற்றுபவர்களும் கணினி பார்ப்பவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழில் அரசோடு எழுதிக்கொள்ள கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள். ரீஸ்டார்ட் எல்லா மொழியிலும் ரீஸ்டார்ட்தான், அதனால் அந்தச் சுற்றறிக்கை மட்டும் நன்றாகவே புரிந்தது. ஆண்டுப் பராமரிப்புக்குச் சங்கங்களிடம் பிடிக்கும் பணத்துக்கு இந்த ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் அடுத்த ஆண்டு நாங்களே அதைச் சொல்லிக்கொள்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டைப் போட்டுக் கொடுங்கள். ஆள் இல்லை என்றால், நாங்கள் எழுதித் தருகிறோம். சரிபார்த்து, போட அனுமதி மட்டும் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆளை அனுப்பினால் தயவுசெய்து காலை 5.30-க்கு வரச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரி தங்கச் சங்கத்திலேயே இடம் செய்து தருகிறோம். பதினொரு மணிக்கு வந்தால் இசட் டிரைவ் இணைந்துதான் இருக்கும், அவரும் போன மாதம் போலவே 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்படிக்கு,
எல்லையோரப் பால் சங்கங்களில் கணினி பார்ப்பவர்கள்