ஃபில் காலின்ஸின் டிரம்ஸ்: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. உன் மகன் டிரம்ஸோடு நிற்காமல் பாட்டும் எழுதுகிறான் என்றதில் ரொம்ப சந்தோஷம். ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் ஃபில் காலின்ஸ் வாசிக்கும் டிரம்ஸ் சத்தம் எந்த ரிவெர்பிலும் (எதிரொலி எஃபெக்ட்) வரவில்லை என்கிறான் அல்லவா? ரிவெர்பில் தேடினால் வராது. அது அறையின் சத்தம்.

1980இல் வந்த, பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் பிறந்தது அது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் அப்போது கல்சுவர் அறை ஒன்று இருந்தது. அங்கே வாசிப்பவர் பேசுவது கன்ட்ரோல் ரூமில் கேட்க ஒரு மைக் இருந்தது. எந்த மூலையிலிருந்து பேசினாலும் கேட்கவேண்டும் என்பதால் அதில் மிகக் கடுமையான கம்ப்ரசர், அதாவது சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் கருவி. அந்த ஆல்பத்துக்குக் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்கும்போது அந்த மைக் திறந்திருக்க, அறை முழுக்க நொறுங்கி உள்ளே வந்தது. எஞ்சினியர் ஹியூ பாட்ஜம் அதோடு, சத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ளும் நாய்ஸ் கேட் சேர்த்து எதிரொலியின் வாலை வெட்டினார். பதிவுக்குப் போகாத லைன் அது. வயரிங்கையே மாற்றவைத்துப் பதிந்தார்கள்.

அவனைச் செய்யச் சொல். திரைச்சீலை, மெத்தை இல்லாத அறையில் செட்டை வைக்கட்டும். மாடிப்படிக் கூடம் இருந்தால் இன்னும் நல்லது. ரூம் மைக் தள்ளி, உயரத்தில். அந்த டிராக்கில் முதலில் கம்ப்ரசர், பிறகு கேட். கேட்டைத் திறக்கும் சிக்னல் ஸ்னேர், டாம் ஆகிய டிரம்களின் மைக்குகளிலிருந்து சைடுசெயினாக, அதாவது கேட்டை இயக்க மட்டும், வரவேண்டும். ரூம் மைக்கையே நம்பினால், கம்ப்ரசர் வாலைத் தூக்கிவிடுவதால் கேட் மூடவே மூடாது. பாட்டு 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்) என்றால் ஒரு பீட் 625 மில்லி விநாடி. ஹோல்டை (கேட் திறந்தே இருக்கும் நேரம்) அதில் பாதியாக, 310 அளவில் தொடங்கலாம். அதிகமானால் அடுத்த அடியோடு ஒட்டிக் குழையும். ரிலீஸ் (கேட் மூட எடுக்கும் நேரம்) 20, 30 மில்லி விநாடிக்குள் இருக்கட்டும். 200 வைத்தால் சாதாரண எதிரொலிதான். சிம்பல் (உலோகத் தட்டு) வேண்டவே வேண்டாம். அடி விழும் ஒவ்வொரு முறையும் அதன் இரைச்சல் வெட்டுப்பட்டு இளிக்கும். கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலையே தடுத்துவிட்டார். டாமுக்குக் கீழ்த்தோலைக் கழற்றிவிட்டால் அடி கூர்மையாகும். காலின்ஸ் வாசித்தது அப்படிப்பட்ட டாம்தான்.

ஆனால் இத்தனையும் பாதிதான். மீதி பாட்டெழுத்தில் இருக்கிறது. 1975இல் கேப்ரியல் ஜெனசிஸ் இசைக்குழுவை விட்டுப் போனதும் பாடவந்த டிரம்மர் காலின்ஸ். அவர் பாடும்போது மேடையில் டிரம்ஸை 1976இல் பில் புரூஃபோர்டும் அடுத்த ஆண்டிலிருந்து செஸ்டர் தாம்ப்சனும் வாசித்தார்கள். வீட்டில் 8 டிராக் டேப்பில் எழுதிய பாட்டுகளை அப்படியே 24 டிராக்குக்கு மாற்றித்தான் 1981இல் அவருடைய முதல் தனி ஆல்பம் ‘ஃபேஸ் வேல்யூ’ வந்தது. அதில் உள்ள ‘இன் தி ஏர் டுநைட்’டில் முதல் மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக ரோலண்ட் டிரம் மெஷினும் கீபோர்டும் மட்டும்தான் தாளத்தைத் தாங்குகின்றன. அதன் பிறகே டாம் அடிகள் வரிசையாக விழும். தனிப்பாட்டாக வந்த சிங்கிளுக்கு முன்பகுதியிலும் டிரம்ஸ் சேர்க்கவைத்தார் அட்லாண்டிக் கம்பெனியின் அகமத் எர்டிகன். ஆல்பம், சிங்கிள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல். சிங்கிளில் அந்த டாம் வரிசை பாதி பலத்தோடுதான் விழுகிறது என்பேன்.

இன்னொன்று, அவன் உட்காரும் முறையை இப்போதே கவனி. 2007 சுற்றுப்பயணத்தில் காலின்ஸுக்குக் கழுத்தெலும்பு பாதித்து, பிறகு குச்சியையே பிடிக்கமுடியாமல் போனது. 2022 மார்ச்சில் முடிந்த கடைசி ஜெனசிஸ் பயணத்தில் அவர் நாற்காலியில் இருந்து பாட, மகன் நிக் வாசித்தார்.

ரூம் மைக்கைத் தனி டிராக்காக, எந்த எஃபெக்டும் இல்லாமல் அனுப்பச் சொல். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி