'காசிப்' வதந்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கிலப் பகுதியில், சென்ற வாரம் 'டெல் ஆஃப்', 'டிக் ஆஃப்', 'சூ அவுட்' ஆகிய மூன்றுக்கும் 'திட்டுதல்' என்றும், 'காசிப்' என்பதற்கு 'வதந்தி' என்றும் பொருள் அச்சாகியிருந்தது. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

'டிக் ஆஃப்' என்றால் இங்கிலாந்தில் கண்டிப்பது, அமெரிக்காவிலோ எரிச்சலூட்டுவது. 'சூ அவுட்' அமெரிக்க வழக்கு. மேலதிகாரி தமக்குக் கீழுள்ளவரை வறுத்தெடுப்பதற்கு ஆகுமே தவிர, தாய் பிள்ளையை மெல்லக் கடிந்துகொள்வதற்கு ஆகாது. என் மருமகன் லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் மேலாளர் தன்னை 'ஃபயர்' செய்துவிட்டதாக, நம் ஊர் அலுவலகங்களில் சொல்வதுபோலவே, மதிய உணவின்போது சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இனி வீட்டு வாடகைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். இங்கே வெறும் டோஸ், அங்கே வேலைநீக்கம். (அந்த 'டோஸ்' என்பதையும் ஆங்கிலேயரிடம் சொன்னால் மருந்து என்றுதான் நினைப்பார்.)

அடுத்தது 'காசிப்'. உண்மையா பொய்யா என்று தெரியாமல் பரவுவது வதந்தி. அதற்கு 'ரூமர்' இருக்கிறது. 'காசிப்' நம் வம்பளப்பு. சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும், அடுத்த வீட்டுச் சங்கதியாக இருந்தால் அது வம்புதான். பழைய ஆங்கிலத்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரைக் குறித்த அச்சொல், பிற்பாடு பிரசவ அறையில் துணையிருக்கும் தோழியரைக் குறித்து, அதன்பின் வாயாடியையும், கடைசியில் அந்தப் பேச்சையுமே குறிக்கலாயிற்று. பெண்கள் கூடிப் பேசினால் இளப்பம் என்ற எண்ணம் அங்கும் இருந்திருக்கிறது; ஓயாமல் ஏசி அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கிய பழஞ்சட்டம் இங்கிலாந்தில் 1967இல்தான் நீக்கப்பட்டது.

ஆனால் ஆண்கள் மட்டும் சளைத்தவர்களா? கப்பலில் குடிநீர்ப் பீப்பாயைச் சுற்றி நின்று மாலுமிகள் பேசிய பேச்சுக்கு அந்தப் பீப்பாயின் பெயரே ஆகி, 'ஸ்கட்டில்பட்' என்றால் வம்புச் செய்தி என்றாயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலியப் படைமுகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற வண்டிகளில், அவற்றைச் செய்த ஜான் ஃபர்ஃபியின் குடும்பப் பெயர் பொறித்திருந்தது. வண்டியைச் சுற்றிப் பிறந்த கட்டுக்கதைகளுக்கு இன்றும் அங்கே 'ஃபர்ஃபி' என்றே பெயர். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. 'குழாயடிப் பேச்சு' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் நம் மாணவருக்குச் சட்டென்று விளங்கியிருக்கும்.

ஆகவே, இத்தகைய பேச்சுவழக்குச் சொற்களுக்குப் பொருள் தரும்போது, எந்த நாட்டில், யார் யாரிடம் சொல்வது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறும், 'வதந்தி' என்பதை அடுத்த இதழிலேயே 'வம்பு' என்று திருத்தி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருநெல்வேலி.